இன்று டோக்கன் இல்லை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
அது திறப்பதற்குள் ஒரு படம் முடிக்கலாம்
என்பது எங்கள் அலுவலகக் கணக்கு.
கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள் மூவர்,
ஒரே ஏசி, அதுவும் ஃபாசில் பக்கம் பார்த்து.

நெல் கொள்முதலுக்கு ஒரு செயலி.
பதினேழு திரை வரைந்தாயிற்று.
மீதி ஒன்று:
வரிசை எண் கிடைக்காத அன்று
திறந்ததும் தெரிய வேண்டியது.
ஒன்றுமில்லை என்பதற்கு
ஒரு படம்.

முதலில் தட்டைப் பாணி.
ஊதா நிறத் தோல், நீள நீளக் கைகால், மூக்கில்லாத முகம்.
தோளில் துண்டு போட்டேன், விவசாயி ஆனார்.
துண்டை எடுத்தேன்,
வங்கிக் கடன் விளம்பரத்தில் நிற்கும் அதே ஆள்.
இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார்,
இன்று டோக்கன் இல்லையாம்.

அடுத்து ஒற்றைக் கோடு.
பேனா எடுக்காமல் ஆள், மாடு, சூரியன்.
அழகாகத்தான் வந்தது.
ஐயாயிரம் ரூபாய் ஃபோனில் ஏற்றி
மொட்டை மாடி வெயிலில் பிடித்தேன்:
கோடும் இல்லை, மாடும் இல்லை.

சாய்கோணத்தில் கொள்முதல் நிலையம் வரைந்தால்
விமான நிலையம் வருகிறது.

முப்பரிமாணத்தில் ஒரு நெல்மூட்டை.
பொம்மை போல் உப்பி,
கன்னத்தில் பளபளப்பு வைத்து.
கோப்பின் அளவைப் பார்த்து ஃபாசில் சொன்னான்:
"இது டவுன்லோட் ஆகுறதுக்குள்ள
அடுத்த சம்பா அறுத்துடுவாங்க."

மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு
மன்னார்குடியில் பஸ் மாறிக் கோட்டூர் போனேன்.
தை கடைசி.
களத்தில் இருபது முப்பது குவியல்,
குவியலுக்கு ஓர் ஆள் காவல்.
வைரக்கண்ணு,
குத்தகைக்கு ஏழு மா, காத்திருப்பது பதினோராம் நாள்.
புடவையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு
ஊதா ஆளின் முகத்தை அழுத்தினார்.
எதுவும் நடக்கவில்லை.
"யாரு இவன், கிளார்க்கா?
எதுக்குச் சிரிக்கிறான்?"

கோடுகளை அவர் பார்க்கவே இல்லை,
திரை அணைந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்.
மூட்டையைப் பார்த்ததும்தான் கோபம்:
"எடை போட்ட பிறகுல்ல மூட்டை.
மூட்டை ஆகிப்போச்சுன்னா
டோக்கனு எனக்கு எதுக்கு?"

ஆறு வாரமாக நான் வரைந்தது எல்லாம்
மூட்டை.

அப்போதுதான் தெற்கே இருட்டியது.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லோரும் ஓடினார்கள்.
எனக்கும் ஒரு முனை கிடைத்தது.
நீலத் தார்ப்பாய், மஞ்சள் தார்ப்பாய்,
பக்கத்துக் குவியலில் ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ்,
குழந்தையும் தாய்மாமன்களும் தலைகீழாக.
மேலே பாரத்துக்கு அரைச் செங்கல்,
சைக்கிள் டயர்,
எதுவும் போதாமல்
வைரக்கண்ணு கழற்றி வைத்த இடதுகால் செருப்பு.
நாலு தூறல். அவ்வளவுதான்.
மேகம் முத்துப்பேட்டைப் பக்கம் போய்விட்டது.
தார்ப்பாயை யாரும் உடனே எடுக்கவில்லை.

திரும்பி வந்து வரைந்தேன்.
நீலமாய் ஒரு மேடு, மடிப்புக்கு நாலு கோடு,
அரைச் செங்கல், ஒற்றைச் செருப்பு.
ஒன்பது கேபி.

"என்ன ஸ்டைல் இது?" என்றான் ஃபாசில்.
தெரியவில்லை என்றேன்.
"ஆளே இல்லையே?"
"ஆளுதான் ஃபோனைப் பிடிச்சிட்டு இருக்காங்களே."

கொஞ்ச நேரம் பார்த்தான்.
அடியில் நான் எழுதியிருந்த
'அச்சச்சோ! இங்கே எதுவும் இல்லை' என்பதை அழித்துவிட்டு
'இன்று டோக்கன் இல்லை. நாளை காலை ஆறு மணிக்கு'
என்று தட்டினான்.
"ஆறு மணிக்குக் கண்டிப்பா வருமா?" என்றேன்.
ஏசியைக் கூட்டி வைத்தான்.

சாயங்காலம் மேலிடத்திலிருந்து பதில்:
நீலம் பிரமாதம்.
அந்தச் செருப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கீழே கேட் திறந்து
எல்லா ஹாரனும் ஒன்றாக அடிக்கிறது.
செருப்பு இருந்த அடுக்கின்
கண் குறியை ஒரு தட்டு தட்டி மூடினேன்.
அழிக்கவில்லை.